தும்பிக்கை எங்கே போச்சு?

குவைத்திலிருந்து 45 நாள் விடுப்பில் வந்தவர் அவர். அதில் 34 நாள் ஓடிவிட்டது. பையன் மட்டும் இன்னும் கிட்டே வரவில்லை.

பையனுக்கு ஐந்தரை வயது. அப்பா போன முறை வந்து போனபோது மூன்றரை. நடுவில் இரண்டு வருடம் செல்போனில்தான் அப்பா. தினமும் இரவு எட்டரை மணிக்கு வருவார். “சாப்பிட்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா? நேத்து சொல்லிக் கொடுத்த ரைம்ஸ் சொல்லு. நூறு வரைக்கும் எண்ணு.” பையனும் சொல்வான், எண்ணுவான். பத்து நிமிடத்தில் போன் அம்மா கைக்குப் போய்விடும்.

விமான நிலையத்தில் ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். பையன் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றான். ரிமோட் காரை நீட்டியதும் ‘தேங்க்ஸ்’ சொல்லி வாங்கிக்கொண்டான். வீட்டில் அம்மாவை ‘நீ வா’ என்பவன், அப்பாவை ‘நீங்க சாப்பிடுங்க’ என்றான். தெருவில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அப்பாவை ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “எவ்வளவு மரியாதை பாருங்க” என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். அவருக்கு அந்த ‘ங்க’ உறுத்தியது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் அவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கம். மனைவி அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறை என்பதால் மே மாதத்தில் மூவரும் சென்னை வந்து புரசைவாக்கத்தில் இருக்கும் அவள் அப்பா வீட்டில் தங்கினார்கள். பையனை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று அவரும் அலையாய் அலைந்தார். மெரினா, மால், வண்டலூர். வண்டலூரில் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நின்று பலகையில் இருந்ததை உரக்கப் படித்தார். “எங்கே, நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு” என்றார். பையன் ஒன்றுவிடாமல் சொன்னான். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா மடியில் படுத்துத் தூங்கிவிட்டான்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அவர் மனைவியிடம் கேட்டார்: “நான் என்ன தப்புப் பண்றேன்?”

“தப்பில்லைங்க. ரெண்டு வருஷமா போன்ல பரீட்சை வெச்சீங்க. இப்போ நேர்ல வெக்கிறீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. “பத்து நிமிஷத்துல வேற என்னத்தைக் கேக்கச் சொல்றே?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கிற எத்தனையோ அப்பாக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். தூரத்தில் இருப்பவருக்குப் பிள்ளையின் நாளில் எது நடந்தது என்று தெரியாது. தெரியாதபோது சாப்பாடு, படிப்பு இரண்டைத் தவிர வேறு எதைக் கேட்பது?

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே வழி சொன்னவர் தாத்தா. “உயிர் காலேஜ் பாத்தாச்சு இல்ல மாப்பிள்ளை? செத்த காலேஜ் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க.”

பழைய சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியபோது இருந்த இடம் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருந்த பழைய கல்லூரிக் கட்டடம். எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர்தான் முதல் பொறுப்பாளர். சில வருடத்தில் எழும்பூர் பாந்தியன் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஜனங்கள் வாயில் ‘காலேஜ்’ ஒட்டிக்கொண்டது. பால்ஃபோர் அந்த வளாகத்திலேயே சில மிருகங்களையும் வளர்க்கத் தொடங்க, பார்க்க வரும் கூட்டம் அதிகமானது. அந்த மிருகக்காட்சிசாலை பிறகு சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல் வண்டலூருக்கும் போய்விட்டது. உயிரோடு இருப்பவை ஒரு பக்கம், பாடம் பண்ணி வைத்தவை ஒரு பக்கம். ஒன்று உயிர் காலேஜ், இன்னொன்று செத்த காலேஜ். எந்த அதிகாரியும் உட்கார்ந்து யோசித்து இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க முடியாது.

போவதற்குத் தோதாக நாளும் அமைந்தது. மே 18 உலக அருங்காட்சியக தினம். 1977-லிருந்து கொண்டாடப்படுகிறது. அதையொட்டிப் பல ஊர் மியூசியங்களில் பிள்ளைகளுக்கு ஓவியம், களிமண், கதை என்று ஏதாவது நடக்கும். அப்படி ஒரு களிமண் வகுப்பு, பெற்றோரும் கூட உட்காரலாம் என்று பக்கத்து வீட்டம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. (வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்கு விடுமுறை. தெரியாமல் போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர்.)

முதல் நாள் இரவு ஆசிரியை உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளில் எழுதி, நாலாக மடித்து, பையனின் பென்சில் டப்பாவில் போட்டாள். காலையில் வாசலில் வைத்துக் கணவரிடம் கொடுத்தாள்.

“ஒவ்வொண்ணா எடுங்க. கேள்வியைப் படிச்சுக் காட்டறதுதான் உங்க வேலை. பதில் சொல்லக் கூடாது. க்ளூவும் கூடாது.”

“நீ வரலையா?”

“எனக்குக் கால் வலி. அந்த மரத்தடியில உக்காந்திருக்கேன்.”

காலுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரியும். பையன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். அம்மா எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அப்பாவோடு நடந்தான். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, பென்சில் டப்பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

முதல் சீட்டு சுலபம். ‘உன் உயரமே இருக்கிற ஒரு சிலையைக் கண்டுபிடி.’ பையன் ஒவ்வொரு கற்சிலையாக அருகில் போய் நிமிர்ந்து நின்று அப்பாவைப் பார்ப்பான். அவர் சரி, சரியில்லை என்று தலையாட்ட வேண்டும். நாலாவது சிலையில் சரியாக வந்தது. அது என்ன சிலை, எந்த நூற்றாண்டு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அவர் வாயைத் திறந்தார். நினைவு வந்து மூடிக்கொண்டார்.

இரண்டாவது சீட்டு: ‘இரண்டு காதிலும் வேறு வேறு தோடு போட்டிருப்பவர் யார்?’

செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடம். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். பையன் ஒவ்வொரு சிலையின் காதாகப் பார்த்துக்கொண்டு போனான். அவருக்கும் விடை தெரியவில்லை. முதலில் அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தார், விடை ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று. இல்லை.

“இவருதான்!” என்றான் பையன்.

நடராஜர். ஒரு காதில் ஆண்கள் அணிகிற குழை, இன்னொன்றில் பெண்கள் அணிகிற தோடு. பாதி அம்மை அல்லவா? விருத்தாசலத்துக்காரருக்குச் சிதம்பரம் ஒரு மணி நேரப் பயணம். சின்ன வயதிலிருந்து எத்தனை ஆருத்ரா தரிசனம். வீட்டு காலண்டரிலும் அவர்தான். காதைப் பார்த்ததே இல்லை.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று பையன் கேட்டான்.

“தெரியாது. இப்போ நீ சொல்லித்தான் பாக்கறேன்.”

பையன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இதுவரை கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் பதில் தெரிந்தவர்கள்.

சிறுவர் அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டடம். வாசலில் டைனோசர். எல்லாப் பிள்ளைகளையும் போலப் பையனும் ஓடினான், எல்லா அப்பாக்களையும் போல அவரும் போட்டோ எடுத்தார். உள்ளே பல நாட்டு மக்களின் உடை, வாழ்க்கையைக் காட்டும் பொம்மைகள். ஒரு காலத்தில் சிறுவர் மியூசியம் என்றாலே நம் நாட்டில் பொம்மைகள்தான். டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் தொடங்கிய பொம்மை மியூசியம் அந்த வகையில் பெயர்பெற்றது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். பார்க்கலாம், தொட முடியாது.

தொட்டுப் பார்க்கிற மியூசியம் என்கிற எண்ணம் அமெரிக்காவில் வளர்ந்தது. உலகின் முதல் சிறுவர் அருங்காட்சியகம் நியூயார்க்கின் புரூக்ளினில் 1899-ல் வந்தது. பாஸ்டனில் 1913-ல் தொடங்கிய இன்னொன்றுக்கு 1962-ல் இயக்குநராக வந்தவர் மைக்கேல் ஸ்பாக். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகப் புகழ்பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் மகன். அப்பா ஊருக்கெல்லாம் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தந்தவர். மகனுக்கோ எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம், டிஸ்லெக்சியா. படித்துத் தெரிந்துகொள்ள முடியாததைப் பார்த்தும் தொட்டும் தெரிந்துகொண்டு வளர்ந்தவர். அவர் கண்ணாடிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, அன்றாடப் பொருள்களை வெட்டித் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு உலகெங்கும் சிறுவர் மியூசியங்களின் முகமே மாறிவிட்டது.

அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அந்த ஆசிரியைக்கு ஆன செலவு ஒரு தாள்.

நாலாவது சீட்டு எலும்புக்கூடுகளுக்கு. அந்தக் கூடத்துக்குள் போனதும் பையன் சற்றுப் பின்வாங்கினான். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று அங்கே இருக்கிறது, ஏறக்குறைய 60 அடி. 19-ஆம் நூற்றாண்டில் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கியது. யானையின் எலும்புக்கூடும் உண்டு. அவர் சீட்டைப் பிரித்துப் படித்தார்: ‘யானையாருக்கு முக்கியமான ஒன்றைக் காணோம். எங்கே போச்சு?’

“தும்பிக்கை!” பாதியை உடனே கண்டுபிடித்துவிட்டான். “எங்கே போச்சு? உடைஞ்சுபோச்சா?”

‘ஆமாம், உடைஞ்சிருக்கும்’ என்பது அவர் நாக்கு நுனிவரை வந்தது. அப்படித்தான் அவரும் நினைத்தார். இத்தனை பழைய எலும்புக்கூடு, எடுத்துவைக்கும்போது எங்காவது தொலைந்திருக்கும். குவைத்தில் எந்த ஏசியைக் கொடுத்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார். யானைக்குத் தும்பிக்கை எதனால் ஆனது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

“எனக்கும் தெரியலையேடா” என்றார்.

இருவரும் நின்று பார்த்தார்கள். பின்னால் வந்த ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டது. இவர்கள் நகரவில்லை.

“அந்தப் பெரிய ஓட்டை என்ன? அதுக்கு ஒத்தைக் கண்ணா?”

யானையின் மண்டையோட்டில் நெற்றிக்கு நடுவே அப்படியொரு துளை இருக்கும். பையன் மட்டும் ஏமாறவில்லை. கிரேக்கக் கதைகளில் வருகிற ஒற்றைக்கண் ராட்சதன், அங்குள்ள தீவுகளில் கிடைத்த பழங்கால யானை மண்டையோடுகளைப் பார்த்துப் பிறந்தவனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் ஊகித்திருக்கிறார்கள்.

“கண்ணு ரெண்டு பக்கமும் இருக்குமில்ல?” என்றார் அவர். க்ளூ கொடுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் பயம்.

“அப்போ இது மூக்கு ஓட்டை.”

யோசித்தபடியே அவர் தன் மூக்கைத் தடவினார். அதைப் பார்த்துவிட்டுப் பையனும் தன் மூக்கைத் தொட்டான். மேலே தொட்டான், கீழே தொட்டான். நுனியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். முகம் மாறியது.

“இங்க கெட்டியா இருக்கு. இங்க வந்தா ஆடுது.” கொஞ்சம் நிறுத்தினான். “குனி.”

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். சின்ன விரல் ஒன்று அவர் புருவத்துக்கு நடுவில் தொடங்கி மெதுவாகக் கீழே இறங்கியது. அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தது. நடு மூக்கில் நின்றது.

“உனக்கும் இதோட எலும்பு முடிஞ்சுபோச்சு! மிச்சம் சதைதான். யானைக்கும் அப்படித்தான். தும்பிக்கைல எலும்பே கிடையாது. தொலையவே இல்ல!”

யானைத் தும்பிக்கை முழுக்கத் தசை. எலும்பு இல்லாததால்தான் அத்தனை வளைந்து கொடுக்கிறது. மனிதர் மூக்கின் கீழ்ப்பாதியில் இருப்பது குருத்தெலும்பு; இறந்த பின் அதுவும் தங்காது. மண்டையோட்டுப் படங்களில் மூக்கு இருக்கிற இடம் வெறும் துளையாக இருப்பது அதனால்தான். இதையெல்லாம் அவர் பிற்பாடு போனில் தேடிப் படித்துக்கொண்டார். அந்த நேரத்தில் முட்டி போட்டபடியே இருந்தார். பையன் இன்னொரு தடவை சரிபார்த்தான்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தூரத்திலேயே சத்தம் கேட்டது. “நீ சொல்லாத, நான்தான் சொல்வேன்! நீ சொல்லாத!” அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

களிமண் வகுப்பில் வேடிக்கை வேறு மாதிரி. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் உருண்டை மண். யானை செய்யலாம், வீடு செய்யலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பத்து நிமிடத்தில் பாதி உருண்டைகள் பெற்றோர் கைக்கு மாறிவிட்டன. ஓர் அம்மா மகள் செய்த பிள்ளையாரைக் கலைத்துவிட்டுப் புதிதாகச் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண் விரலைச் சூப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஓர் அப்பா, “கார்னா நாலு சக்கரமும் ஒரே சைஸ்ல இருக்கணும்” என்று மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அன்பு இல்லாமல் இல்லை. போட்டோவில் நன்றாக விழ வேண்டுமே என்கிற கவலை. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் பெரியவர்களுக்குத் தனியாக ஓர் உருண்டை மண் கொடுத்துவிடுவது நல்லது. அவர்கள் கையும் சும்மா இருக்காது.

குவைத்துக்காரரின் கையும் பரபரத்தது. பையன் செய்த யானைக்கு ஒரு கால் குட்டை. சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கட்டத்தில் பையனே திரும்பி, “இதைக் கொஞ்சம் புடி” என்றான். பிடித்தார். பிடித்ததோடு சரி. தும்பிக்கை வைக்காமலே யானையை முடித்துவிட்டான். பயிற்சி கொடுத்த பெண் வந்து, “தும்பிக்கை எங்கப்பா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல நீளமாகப் பதில் சொன்னான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அன்று இரவும் அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் படுத்தான். மறுநாள் சாப்பிடும்போது ஒரு ‘நீங்க’, ஒரு ‘நீ’ என்று கலந்து வந்தது. தாத்தா மூக்கு, பக்கத்து வீட்டம்மா மூக்கு, தெருமுனை இஸ்திரிக்காரர் மூக்கு எல்லாம் சோதனைக்கு உள்ளாயின. மிச்சமிருந்த நாளில் அப்பாவும் பையனும் தினமும் எங்காவது கிளம்பினார்கள். பெரும்பாலும் காசு செலவில்லாத இடங்கள். கடைசி ஒரு சீட்டு படிக்கப்படாமலே பென்சில் டப்பாவில் கிடந்தது. அடுத்த தடவைக்கு என்று பையன் திறக்கவிடவில்லை.

விமானம் விடியற்காலை. கிளம்பும்போது பையன் நல்ல தூக்கம். எழுப்ப வேண்டாம் என்றார். களிமண் யானை அவர் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் இருந்தது. குட்டைக் கால் வழியிலேயே உடைந்துவிட்டது; கேம்பில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

குவைத் போய்ச் சேர்ந்த மூன்றாவது நாள் இரவு எட்டரைக்கு வீடியோ கால் வந்தது. பையன் எடுத்தான்.

“சாப்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “டேய், இன்னிக்கு சைட்டுக்குப் போற வழியில ஒட்டகம் பாத்தேன். அதுக்கு முதுகுல திமில் இருக்குல்ல, அதுக்குள்ள எலும்பு இருக்குமா, இருக்காதா?”

“இரு, சொல்லாத, சொல்லாத.” பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டே தன் முதுகைத் தொட முயன்றான். திரையில் கூரையும் மின்விசிறியும் மாறி மாறித் தெரிந்தன. பிறகு முகம் வந்தது.

“நீ தொட்டுப் பாத்தியா?”

“இல்லையே. பஸ்ல போனேன்.”

“நாளைக்கு இறங்கித் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு” என்றான்.